முசியேவுக்குத் தேதி சொன்னவர்

அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். சங்கத் தலைவர். செயலாளர். பொருளாளர். கம்ப்யூட்டரை விற்ற கம்பெனியிலிருந்து வந்த ஆள். கூட்டக் குறிப்பு எழுத நான். இந்த வரிசையில்தான் குறிப்பேட்டில் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் கையெழுத்து வாங்கினேன். நீங்கள் அந்த வரிசையில் இல்லை அக்கா. கதவுக்கு வெளியே, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். கதவைச் சாத்தி வைத்திருந்தோம். கூட்டம் உங்களைப் பற்றித்தான்.

இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நாள்காட்டி. பூஜை விடுமுறைக்கு விழுப்புரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு இன்று காலையில்தான் திரும்பினோம். வீட்டைத் திறந்ததும் நான் முதலில் எங்கே போவேன் என்று உங்களுக்குத் தெரியும். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் தினசரித் தாள், நாங்கள் கிளம்பிப் போன தேதியிலேயே நின்றுகொண்டிருந்தது. மூன்று தாள்களைச் சேர்த்துப் பிடித்துக் கிழித்தேன். மகள் கட்டிக் கொடுத்த பொரிப் பொட்டலம் கீழே பையில் இருந்தது. பொட்டுக்கடலையும் வெல்லமுமாக அந்த வாசனை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

பீரோவைத் திறந்து அந்த வருஷத்து வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்தேன். உள்ளே மூன்று தாள்கள் குண்டூசி குத்தி இருக்கின்றன. ஊசி துருப்பிடித்து முதல் தாளில் கறை இறங்கியிருக்கிறது. கிழித்த தாளை நான் வீசுவதில்லை, பின்பக்கத்தில் சாமான் பட்டியல் எழுதிக்கொள்வேன் என்று நீங்கள் எத்தனை கிண்டல் செய்திருக்கிறீர்கள்! "அலமு வீட்ல போன நாளக் கூட பத்திரமா வெச்சிருப்பா." ஆமாம் அக்கா. வைத்திருந்தேன். வைத்திருந்து என்ன பண்ணினேன் என்பதுதான் இந்த மடல்.

கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருஷம். வீராம்பட்டினத்தில் வீடு போனவர்களுக்குப் புது வீடு கட்டித் தர வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று முன்வந்தது. யார் யாருக்கு வீடு என்ற பட்டியலைத் தயார் செய்யும் பொறுப்பு முதலியார்பேட்டையில் இருந்த எங்கள் சங்கத்துக்கு வந்தது. அதுவரை கோயில் அன்னதானமும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் கொடுத்துக்கொண்டிருந்த சங்கம். பட்டியல் கம்ப்யூட்டரில்தான் இருக்க வேண்டும் என்று அறக்கட்டளை சொல்லிவிட்டதால் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதோடு நீங்கள் வந்தீர்கள். தமிழும் இங்கிலீஷும் தட்டச்சு தெரிந்தவர், உங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், அந்தப் பாஷையும் கொஞ்சம் வரும் என்று தலைவர் பெருமையாகச் சொன்னார். எட்டாவதோடு நின்றுபோய், மிச்சத்தைக் கிடைத்த புத்தகத்திலும் பழைய பேப்பரிலும் தானாகப் படித்துக்கொண்ட எனக்கு உங்கள் எதிரில் உட்காரவே கூச்சமாக இருந்தது.

முதல் நாளே கூச்சத்தைப் போக்கிவிட்டீர்கள். கம்ப்யூட்டரைப் பார்த்து, "பொன்ழூர், முசியே" என்று பிரெஞ்சில் 'வணக்கம், ஐயா' சொல்லிக் கும்பிட்டீர்கள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் முசியே.

முசியேவுக்கு ஒரு குறை இருந்தது. மின்சாரத்தை நிறுத்தினால் தேதி, மணி இரண்டும் மறந்துபோகும். உள்ளே பொத்தான் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கிறதாம், அது செத்துவிட்டது. காலையில் எழுப்பியதும் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள்தான் தேதியும் மணியும் சொல்ல வேண்டும். சொன்னதை அது நம்பிக்கொள்ளும். பேட்டரி மாற்றித் தரச்சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தீர்கள். "ஓடுதில்ல? ஓடற வரைக்கும் ஓடட்டும்மா" என்றார் செயலாளர்.

நான் வாரத்தில் நான்கு நாள் பத்து மணிக்கு வருவேன். வந்ததும் சுவரில் இருக்கும் நாள்காட்டியில் தாள் கிழிப்பது என் வேலை.

"அலமு, முசியே எழுந்துட்டாரு. இன்னிக்கி என்ன தேதின்னு கேக்குறாரு."

"பதினேழு அக்கா."

"மெர்சி. ராத்திரி தூங்குனா வயசே மறந்துபோற ஆம்பளைய நான் இப்பத்தான் பாக்குறேன்."

தினமும் அதே பேச்சு, அதே பிரெஞ்சு நன்றி. தினமும் நான் சிரித்தேன்.

பாஸ்வேர்டு விஷயத்தில்தான் முதல் தடவை உங்களுக்குக் கோபம் வந்து பார்த்தேன். உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டால்தான் பட்டியல் திறக்கும். யார் எந்தப் பெயரைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்று அது தானே எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு சங்கக் கூட்டத்தில், அந்தப் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைக்கச் சொன்னார் செயலாளர்.

"நீங்க லீவுல போனா வேலை நிக்கக் கூடாதில்லம்மா."

"அப்போ உங்களுக்குத் தனியா ஒண்ணு போட்டுக்குங்க சார். உங்க வேலை உங்க பேர்ல விழட்டும்."

"நாம என்னா பேங்கா நடத்துறோம்? ஒரே குடும்பமா இருக்கோம். நமக்குள்ள என்னாம்மா பூட்டு?"

"குடும்பத்துல திருட்டுப் போனா முதல்ல யார சார் கேப்பாங்க? சாவி வெச்சிருக்கிறவளத்தான்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான், "அவர் சொல்றதும் சரிதான்க்கா. ஒருத்தர் மேல ஒருத்தர் நம்பிக்கை வேணுமில்ல" என்றேன். என் வீட்டிலும் பீரோ சாவி ஆணியில்தான் தொங்கும், அதை எடுத்து மறைத்து வைத்தால் வீட்டு மனிதர்களைச் சந்தேகப்படுகிற மாதிரி. அந்த நினைப்பில்தான் பேசினேன். நீங்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சீட்டை எழுதி ஒட்டினீர்கள். அதைத் தீர்மானமாகக் குறிப்பேட்டில் எழுதியதும் நான்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே சங்கத்தில் பூஜை. முசியேவைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். மல்லிகைச் சரம் நீங்கள் கட்டிக் கொண்டு வந்தீர்கள். "உங்க சரசுவதிக்கு நான் பூ கட்டிட்டேன். எங்க மாதாவுக்கு நீ ஒரு மெழுகுவத்தி கடன்பட்டுட்ட." நான் திரையின் நடுவில் பொட்டு வைக்கப் போனபோது, "அங்க வேணாம் அலமு, கறை புடிச்சா முசியேவுக்குக் கண்ணு தெரியாமப் போயிடும்" என்று கையைப் பிடித்தீர்கள். செயலாளர்கூடச் சிரித்தார். பத்து மணிக்குள் தீபாராதனை முடிந்து எல்லோரும் கிளம்பினோம். பொரி சிந்தியிருக்கிறது, பெருக்கிப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று நீங்கள் நின்றீர்கள்.

சனி விஜயதசமி. அடுத்தது ஞாயிறு. திங்கட்கிழமை காலை நான் போனபோது மணி பத்தே முக்காலைத் தாண்டியிருந்தது. முசியே மேலிருந்த மல்லிகைச் சரம் மேஜை ஓரத்தில் கிடந்தது. செயலாளர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். தேங்காய் உடைக்காமல் எடுத்துவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. "அவசரம்மா, ஒரு லெட்டர் அடிக்கணும்" என்றார். நான் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் பொரி கட்டினேன். அதற்குப் பிறகுதான் நாள்காட்டிப் பக்கம் போனேன். அது வெள்ளிக்கிழமையிலேயே இருந்தது. மூன்று தாள்களைச் சேர்த்துக் கிழித்து, மேல் தாளின் பின்பக்கத்தில் யாருக்கு எத்தனை பொட்டலம் என்று எழுதினேன். செயலாளருக்கு இரண்டு. தலைவர் வீட்டுக்கு மூன்று. பொருளாளருக்கு இரண்டு. அக்காவுக்கு இரண்டு, நாளைக்கு.

நாளைக்கு என்று எழுதினேன், ஏனென்றால் நீங்கள் அன்று இல்லை. காரைக்காலில் உங்கள் தங்கை வீட்டில் இருந்தீர்கள். செவ்வாய்க்கிழமைதான் வந்தீர்கள்.

ஒரு மாசம் கழித்து வீராம்பட்டினத்திலிருந்து பூரணி வந்தாள். மீன் விற்கிறவள். புருஷனையும் வீட்டையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்தவள். கணக்கெடுப்பில் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. வாசலில் ஒட்டிய பட்டியலில் பெயர் இல்லை.

"இன்னாம்மா, எம்பேரு உங்க பொட்டியில இல்லியாமே? நான் உசிரோடதான கீறேன்? தொட்டுப் பாரு."

நீங்கள் பழைய காகிதப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டீர்கள். நான்கு பெயர்கள் போயிருந்தன. அந்த இடங்களில் நான்கு புதுப் பெயர்கள். உங்கள் முகம் வெளுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறைத்திருக்க வேண்டுமானால் நீங்கள் அன்றே மறைத்திருக்கலாம். நீங்களேதான் எழுந்து போய்த் தலைவரிடம் சொன்னீர்கள்.

அதற்குத்தான் அந்த ஐந்து பேர் கூட்டம்.

கம்பெனி ஆள் முசியேவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்தாங்க சார், அதுவே எழுதி வெச்சிருக்கு. இந்த அம்மா பேரு. பூஜை அன்னிக்கி, வெள்ளிக்கெழமை, காலையில பத்து நாப்பது."

"பத்து மணிக்கெல்லாம் நாம கெளம்பிட்டமே" என்றார் பொருளாளர்.

"அந்தம்மாதான் பெருக்கிட்டு வரேன்னு நின்னாங்க." செயலாளர் இதைச் சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை.

கம்பெனி ஆள் கேட்டார், "தேதி, டைம்லாம் சரியா வெச்சிருக்கீங்களா?"

"டெய்லி போடறாங்க."

"யாரு?"

"அந்தம்மாதான்."

பொருளாளர் சிரித்தார்.  அந்த இயந்திரத்துக்குத் தானாகத் தேதி தெரியாது, எதிரில் உட்காருகிறவர் சொல்வதுதான் தேதி, உட்கார எல்லோருக்கும் வழி செய்து வைத்திருக்கிறோம் என்று சொல்ல வந்தது எனக்கு, அக்கா. எழுதுகிறவள் குறுக்கே பேசக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பூஜையில வெச்ச கம்ப்யூட்டர அன்னிக்கே நம்ம ஆளுங்க யாராச்சும் தொடுவாங்களா?"

அப்போது மட்டும் வாய் வந்தது. "தொட மாட்டாங்க சார். சாமிக்கு வெச்சத எடுத்தா குத்தம். நானே பொட்டு வெச்சேன்."

நம்ம ஆளுங்க.  கோயில் என்றோ சர்ச் என்றோ ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஐந்து பேருக்கும் புரிந்தது. "மெஷின் பொய் சொல்லாது" என்று தலைவர் முடித்தார். என் வாக்கியத்தையும் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது. அறக்கட்டளைக்கு ஊழியரை நீக்கிவிட்டோம் என்று எழுதுவது, பட்டியல் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டதால் அதை அப்படியே விடுவது என்று இரண்டு தீர்மானங்கள்.

கதவைத் திறந்துகொண்டு முதலில் வெளியே வந்தது நான்தான். நீங்கள் எழுந்து புடவையைச் சரிசெய்தீர்கள்.

"என்ன அலமு, உள்ள வரட்டுமா?"

"இல்லக்கா. முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா? அப்போ நான் எப்போ பேசறது?"

நான் தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்கு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. முசியே இல்லாமல் கையாலேயே எழுதியிருந்தீர்கள். என் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டீர்களா? அந்த இயந்திரத்துக்குத் தேதி சொல்வது யார் என்று கேட்டீர்களா? என்னை ஏன் உள்ளே கூப்பிடவில்லை? அவ்வளவுதான் கடிதம். அழுகை இல்லை, சாபம் இல்லை. கடைசியில் ஒரு வரி, பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள் என்று. செயலாளர் படித்துவிட்டு, "ஃபைல்ல போடுங்கம்மா" என்றார். நான் ஓரத்தில் இரண்டு துளை போட்டுக் கோத்து வைத்தேன்.

மறுவருஷம் பூஜை வந்தது. முசியேவுக்கு வேறு ஆள் வந்திருந்தார். விடுமுறை முடிந்து சங்கத்தைத் திறந்தபோது நான்தான் முதல் ஆள். நாள்காட்டி பூஜை தேதியிலேயே நின்றிருந்தது. கிழிப்பதற்குக் கை வைத்தபோதுதான், கம்ப்யூட்டர் மேஜையிலிருந்து நிமிர்ந்தால் நேராகத் தெரிவது இந்தத் தாள்தான் என்று கண்ணில் பட்டது. போன வருஷம் நான் கிழிப்பதற்கு முன்பே அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முசியே அவரிடம் தேதி கேட்டிருக்கும். அவர் சுவரைப் பார்த்துச் சொல்லியிருப்பார். மணியைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார், பத்து நாற்பது. நான் படியேறியது அதற்குக் கொஞ்சம் பிறகு. அவர் உங்கள் பெயருக்குப் பழி வரட்டும் என்று அந்தத் தேதியைப் போட்டிருக்க மாட்டார். தேதி தப்பு என்று அவருக்குத் தெரிந்தே இருக்காது. அடுத்த மாசம் கம்பெனி ஆள் அந்தத் தேதியை வாசித்தபோது, அது தன்னைக் காப்பாற்றும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் தலையைத் தூக்கவில்லை.

 அன்று சாமிக்குச் சூடம் காட்டக் கை எழவில்லை.

வீட்டுக்குப் போய் மூன்று தாள்களையும் தேடி எடுத்தேன். அன்று சாயங்காலமே உங்களைப் பார்க்க வந்தேன். மாதா கோவில் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை. பென்ஷன்காரர்களுக்குப் பிரெஞ்சில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தீர்கள். அதுவும் குறைந்துபோயிருந்தது. "விண்ணப்பத்துலயும் பேர மாத்திடுவேனாம்" என்றீர்கள், சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி. கால் இரண்டும் வீங்கியிருந்தன. சிறுநீரகம் சரியில்லை என்றீர்கள்.

நான் தாளை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தீர்கள்.

"எனக்கு ரெண்டு பொட்டலம்னு எழுதியிருக்க. ஒண்ணுதானடி குடுத்த?"

சிரித்தீர்கள். நான் அழுதேன். அப்புறம் நீங்கள் சிரிப்பதை நிறுத்தினீர்கள்.

"அப்போ பேட்டரி மாத்தியிருந்தா நான் மாட்டியிருக்க மாட்டேன்."

"ஆமாங்க்கா."

"அந்தச் சீட்ட ஒட்டாம இருந்திருந்தாலும் மாட்டியிருக்க மாட்டேன்."

"ஆமாங்க்கா."

"என்னைய உள்ள கூப்ட்டு ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தா, திங்கக்கெழமை நான் காரைக்கால்ல இருந்தேன், அன்னிக்கி யாரு தேதி போட்டீங்கன்னு கேட்டிருப்பேன்."

 தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தீர்கள்.

"எங்கிட்ட சொன்னது போதாது அலமு. எந்த நோட்டுல எழுதினியோ அந்த நோட்டுல எழுது."

"அடுத்த கூட்டத்துல சொல்லிடறேன்க்கா. சத்தியமா."

"சீக்கிரம் சொல்லு. இந்தக் காலு ரொம்ப நாளு நிக்காது."

வாசலில் நான் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து "மெர்சி" என்றீர்கள். அது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குத் தாளைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். செயலாளர் எழுந்து, புது வீடுகள் திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற என் பெயரைப் போட்டிருப்பதாகச் சொன்னார். அழைப்பிதழ் நீட்டினார். என் பெயர் அச்சில், திருமதி என்று முன்னால் போட்டு. அதுவரை என் பெயர் அச்சில் வந்தது என் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். விழா முடியட்டும், நல்ல காரியத்துக்கு நடுவில் வேண்டாம் என்று நினைத்தேன். இதில் பயம் பாதி என்றால் ஆசை பாதி. சாமி முன்னால் இதைச் சொல்லியாகிவிட்டது, உங்கள் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் ஒரு நாள் பக்கத்துக் கடை போனிலிருந்து பேசினீர்கள்.

"பேசிட்டியா?"

"இல்லக்கா, கூட்டம் தள்ளிப் போச்சு."

கூட்டம் தள்ளிப் போகவில்லை.  "சரிம்மா" என்று வைத்துவிட்டீர்கள். அலமு என்று சொல்லவில்லை.

வீராம்பட்டினத்தில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ஐந்து முகமும் ஏற்றினேன். பூரணி கூட்டத்துக்கு வெளியே மீன் கூடையோடு நின்று பார்த்தாள். அவளுக்கு வர வேண்டிய வீட்டில் வேறு ஒரு குடும்பம் பால் காய்ச்சியது. செயலாளரின் சம்பந்தி வகை என்று பின்னால் தெரிந்தது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். "யாரு இது?" "வீட்டு லிஸ்ட்டுல ஏழைங்க பேர அழிச்சாங்களே, அந்தம்மா." நான் திரும்பவில்லை. கையிலிருந்த பிடி மண்ணைப் போட்டேன். அந்த வருஷமே சங்கத்திலிருந்து விலகிக்கொண்டேன். உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதினேன். அதுவும் பொய்.

அப்புறம் வருஷங்கள் போனதில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றும் இல்லை. உங்கள் மாதாவுக்கு நான் கடன்பட்ட மெழுகுவர்த்தியைச் சனிக்கிழமைகளில் ஏற்றுகிறேன். தினமும் காலையில் தாள் கிழித்ததும் தேதியை வாய்விட்டுச் சொல்கிறேன், பழக்கம். சொல்லிவிட்டு ஒரு விநாடி நிற்கிறேன். பதிலுக்கு மெர்சி வருவதில்லை. யாராவது கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று சொன்னால், அதற்கு யார் சொன்னார்கள் என்று கேட்டுவிடுகிறேன். மருமகன், "அத்தைக்கு மெஷின் மேலயே சந்தேகம்" என்கிறார். மெஷின் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அது சொன்னதைத்தான் சொல்லும்.

இன்று காலை, அந்தப் பழைய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது பூரணி வாசலில் கூடையை இறக்கினாள். இப்போதும் கொட்டகையில்தான் இருக்கிறாள். மழை ஒழுகுகிறதைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல, "பேர அழிச்சவ நல்ல கதிக்கா போயிருப்பா?" என்றாள். எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டு மீன் வாங்கியிருக்கிறேன். இன்று முடியவில்லை.

"அவங்க அழிக்கல பூரணி. அவங்க அன்னிக்கி ஊர்லயே இல்ல."

"உனுக்கு எப்பிடித் தெரியும்?"

தாளைக் காட்டிச் சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி வருசமா இத வாயில வெச்சிக்கினு எங்கிட்ட மீன் வாங்குனியா?"

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தெருமுனையில் திரும்பி, "செத்தவளத் திட்டிக்கினே இருந்தேனேம்மா, என்னிய ஏன் திட்ட வுட்ட?" என்று சத்தமாகக் கேட்டாள். தெருவே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் இருந்தது.

மத்தியானம் உட்கார்ந்து சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். அப்போதைய செயலாளர்தான் இன்று தலைவர். அவர் பெயருக்கே எழுதினேன். ஒரு நகல் அறக்கட்டளைக்கு, ஒரு நகல் உங்கள் தங்கைக்கு. பார்த்ததை மட்டும் எழுதினேன். பட்டியலை அவர் மாற்றியதை நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் போகும்போது அவர் அந்த நாற்காலியில் இருந்ததையும், நாள்காட்டி வெள்ளிக்கிழமையில் நின்றதையும் பார்த்தேன். பாஸ்வேர்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்ட வேண்டும் என்று பேசியவர்களில் நானும் ஒருத்தி. பூஜையில் வைத்ததை நம் ஆட்கள் தொட மாட்டார்கள் என்று நான் சொன்னது சாட்சி ஆகாது. அது என் நம்பிக்கை. அதை வைத்து ஒரு பெண்ணின் பெயரை எடுத்தோம். குறிப்பேட்டில் அந்த வாக்கியத்துக்குக் கீழே இதை எழுத அனுமதிக்க வேண்டும். பூரணி உள்பட நான்கு பேரின் விஷயத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். மூன்று தாள்களையும் ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு பக்கமும், கூட வைத்தேன். அசல் என்னிடம் இருக்கட்டும். அசலை அவர்களிடம் கொடுக்கக் கூடாது என்கிற அளவுக்காவது இப்போது கற்றிருக்கிறேன்.

கடைசி வரி எழுத வந்தபோது எனக்குத் தெரிந்த முடிவுகள் எல்லாம், தங்கள் உண்மையுள்ள, பணிவன்புடன், எதுவும் பொருந்தவில்லை. ஃபைலில் துளை போட்டுக் கோத்துவைத்த உங்கள் வரி ஒன்றுதான் கையில் வந்தது. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு, நானே சுவரைப் பார்த்து இன்றைய தேதி போட்டேன்.

பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்.